அட்டை வைத்தியம் பார்க்காது

அரசு ஆஸ்பத்திரிக்கு ஆண்டுதோறும் கோடிகோடியாகக் கொட்டுவதை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் வீட்டுக்கு வீடு காப்பீட்டு அட்டையைக் கொடுத்துவிட்டால் போதும். அவரவர் நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் போய்க்கொள்வார்கள். இப்படிச் சொல்பவர்களை ஒரு கட்சிக்குள்ளோ ஒரு வகுப்புக்குள்ளோ அடைக்க முடியாது. பொருளாதாரம் படித்தவர்கள் இதைக் கட்டுரையாக எழுதுகிறார்கள். பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர், “ஓசியில குடுத்தா அப்படித்தாங்க இருக்கும். காசக் கட்டுனா ஏன் கவனிக்கமாட்டான்?” என்று ஒரே வரியில் முடிக்கிறார். தேர்தலுக்குத் தேர்தல் அட்டையின் தொகை கூடுகிறது. கூடக்கூட, வைத்தியச் செலவு என்ற தொல்லை ஒழிந்தது என்ற நினைப்பும் கூடுகிறது.

ஒழியவில்லை. இந்த வழியில் போனால் ஒழியவும் ஒழியாது என்பதே என் வாதம். நோயாளியின் மடியிலிருந்து போகும் காசைக் குறைப்பது, வீட்டுக்குப் பக்கத்தில் மருந்தோடும் மருத்துவரோடும் திறந்திருக்கும் அரசு ஆஸ்பத்திரி. அட்டைக்கு ஓர் இடம் உண்டு. அது சின்ன இடம். ஆஸ்பத்திரி இருக்க வேண்டிய இடத்தில் அட்டையைத் தூக்கி வைத்தால் மிஞ்சுவது கடன்தான்.

இதைச் சோதித்துப் பார்க்கப் பெரம்பலூரும் அரியலூரும் தோதான மாவட்டங்கள். பழைய திருச்சியிலிருந்து 1995இல் ஒன்றாகப் பிரிந்தவை. 2001இல் இரண்டாகி, 2002இல் மறுபடி ஒன்றாகி, 2007 நவம்பரில் நிலையாகத் தனித்தனி ஆனவை. 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூரில் 5.65 லட்சம் பேர், மாநிலத்திலேயே மிகக் குறைவு. அரியலூரில் 7.55 லட்சம். ஒரு பக்கம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். இன்னொரு பக்கம் முந்திரி, சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் ஆலை. இரண்டிலும் காட்டையும் கூலியையும் நம்பிப் பிழைப்பவர்களே அதிகம். இந்த மனிதர்கள் நோய்க்கு எங்கே, எப்போது, எவ்வளவு காசு கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் அட்டை வாதம் எந்த இடத்தில் உடைகிறது என்பது தெரியும்.

அட்டை எதற்குக் காசு தருகிறது?

முதலில் அட்டைக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. இன்று ஆண்டு வருமானம் 1.2 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. இதய அறுவைச் சிகிச்சையும் புற்றுநோய்ச் சிகிச்சையும் காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவியும் கூலிக்காரர் வீட்டுக்கு எட்டியதில் இந்தத் திட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. திட்டம் வருவதற்கு முன்னால் நிலத்தை விற்றுச் செய்திருக்க வேண்டிய வைத்தியங்கள் இவை. இதைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட வேலை.

ஆனால் அட்டை எதற்குக் காசு தருகிறது? பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில், பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த பிறகு. சில பரிசோதனைகளும் தொடர் சிகிச்சைகளும் பட்டியலில் இருந்தாலும் அதன் உயிர்நாடி ‘அட்மிட்’ ஆவதுதான். காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டு திரும்புபவருக்கும், மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்குபவருக்கும், வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுத்து வரச் சொல்லப்பட்டவருக்கும் அந்த அட்டை பீரோவில் இருந்தாலும் ஒன்று, பையில் இருந்தாலும் ஒன்று.

இது சின்ன ஓட்டை என்று நினைக்க வேண்டாம். தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று (2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை) சொல்வதைப் பாருங்கள். கிராமப்புற இந்தியாவில் ஒரு முழு ஆண்டில் ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள், பிரசவம் நீங்கலாக, 100க்கு 2.6 பேர். ஆனால் ஏதாவது ஒரு 15 நாளை எடுத்துக்கொண்டால், அதற்குள் நோய் என்று சொன்னவர்கள் 100க்கு 6.8 பேர். படுக்கைக்கு ஆண்டுக்கு ஒருமுறை போகிறவரை அட்டை காக்கிறது. இரண்டு வாரத்துக்கொருமுறை மருந்துக்கடை வாசலில் நிற்பவர்களை அது அறியாது. வெளிநோயாளிச் செலவில் மிகப் பெரிய பங்கு மருந்துக்கே போகிறது என்பதும் பழைய செய்தி. குடும்பத்தைக் கவிழ்ப்பது ஒரே நாளில் வரும் பெரிய பில் மட்டும் என்று நினைக்கிறோம். இருபது வருடம் நிற்காமல் மாதாமாதம் வரும் சின்ன பில் அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது.

அரசு பணத்தில் நடக்கும் காப்பீட்டுத் திட்டங்கள் மக்களின் செலவைப் போதிய அளவு குறைக்கவில்லை என்று சக்திவேல் செல்வராஜும் அனூப் கரணும் 2012இலேயே ‘எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி’யில் எழுதினார்கள். ஆந்திரத்தின் ஆரோக்யஸ்ரீ முதலான திட்டங்களைப் பார்த்து எழுதியது அது. அதற்குப் பிறகும் நாம் கற்றுக்கொண்டது, ஒரு லட்சத்தை ஐந்து லட்சம் ஆக்கலாம் என்பதை மட்டும்தான். உச்சவரம்பை எவ்வளவு உயர்த்தினாலும், வரம்புக்குள்ளேயே வராத செலவு அப்படியேதான் இருக்கும்.

“அட்டையின் தரம் போதாது, நல்ல பாலிசியாகக் கொடுத்தால் சரியாகிவிடும்” என்பார்கள். நல்ல பாலிசி வைத்திருப்பவர்கள் நம் கண்ணெதிரே இருக்கிறார்கள்: மாநில அரசு ஊழியர்கள். 2021இல் தொடங்கிய அவர்களுடைய காப்பீட்டுத் திட்டத்துக்காக மாதம் 300 ரூபாய் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. படித்தவர்கள், சங்கம் வைத்திருப்பவர்கள், விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்கள். காசில்லாச் சிகிச்சை என்று ஒப்பந்தம் இருந்தும் தனியார் ஆஸ்பத்திரிகளில் கூடுதலாகக் கட்டச் சொல்கிறார்கள் என்பது அவர்களுடைய சங்கங்களின் தீராத புகார். வாத்தியாராலும் வருவாய் ஆய்வாளராலும் முழுதாக வாங்க முடியாத உரிமையை, வருமானச் சான்றுக்கு அலைந்து அட்டை எடுத்த ஆண்டிமடத்து முந்திரித் தொழிலாளி வாங்கிவிடுவார் என்று நம்பச் சொல்கிறார்கள்.

கூலியில் எத்தனை நாள்?

இனி ரூபாய்க் கணக்கு. அதே 75ஆவது சுற்றில், கிராமப்புற இந்தியர் ஒருவர் அரசு ஆஸ்பத்திரியில் ஒருமுறை படுத்து எழுந்ததற்குச் சராசரியாக 4,290 ரூபாய் வைத்தியச் செலவு. தனியாரில் 27,347 ரூபாய். பஸ், சாப்பாடு, கூட இருப்பவரின் கூலி நஷ்டம் எதுவும் இதில் இல்லை. அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 205 ரூபாய். வகுத்துப் பாருங்கள்: அரசு ஆஸ்பத்திரிக்கு 21 நாள் கூலி, தனியாருக்கு 133 நாள் கூலி. நூறு நாளும் வேலை கிடைத்து, அதில் ஒரு ரூபாய்கூடச் சோற்றுக்கு எடுக்காமல் சேர்த்தாலும் தனியாரில் ஒருமுறை படுத்ததற்குக் காணாது. பிரசவத்திலும் அதே கதைதான்: கிராமப்புறத்தில் அரசு ஆஸ்பத்திரியில் 2,404 ரூபாய், தனியாரில் 20,788 ரூபாய்.

அரசில் 4,290 ரூபாய் ஏன் ஆகிறது, அது இலவசம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெளியே வாங்கச் சொன்ன மருந்து, வெளியே எடுக்கச் சொன்ன ஸ்கேன் ஆகியவையே முக்கியமான காரணம். இது நாடு முழுவதுக்குமான சராசரி. மருந்து வாங்கும் முறை ஒழுங்காக இல்லாத மாநிலங்கள் இந்த எண்ணை மேலே தள்ளுகின்றன. ஆஸ்பத்திரி அரசுடையதாக இருந்தால் போதாது, உள்ளே மருந்து இருக்க வேண்டும் என்பதைத் தமிழ்நாடு முன்கூட்டியே புரிந்துகொண்டது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக டெண்டர் விட்டு, தரம் பார்த்து வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் அனுப்புகிறது. ஒரு மாநிலமே ஒரே வாடிக்கையாளராக வந்து பேரம் பேசினால் மாத்திரை விலை எவ்வளவு இறங்கும் என்பதைக் காட்டிய ஏற்பாடு அது. கேரளமும் ராஜஸ்தானும் அதைப் பார்த்தே தங்கள் கழகங்களை அமைத்தன. விலையைக் குறைத்தது இந்தப் பேரம்தான். காப்பீட்டு நிறுவனம் அல்ல. காப்பீட்டு நிறுவனம் பில்லை யார் கட்டுவது என்பதைத்தான் மாற்றுகிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இதே வழியில் இன்னும் ஓர் அடி வைத்தது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வந்தபோது, மருந்துக்கடைப் பில்லோடு பஸ் காசும் அரை நாள் கூலியும் மிச்சமானது. அட்டையால் எட்ட முடியாத அந்த இருபது வருடச் செலவைத் தொட்ட திட்டம் இது. ஆனால் அட்டைக்கு அடிக்கும் விளம்பரப் பலகையில் பத்தில் ஒரு பங்கு பெருமையும் இதற்குக் கிடைப்பதில்லை.

எந்த நாட்டில் யார் கட்டுகிறார்கள்?

“வரியில்தானே நடக்கிறது, அதை இலவசம் என்று ஏன் சொல்கிறீர்கள்?” என்பது அட்டைக்காரர்கள் மடக்குவதாக நினைத்துக் கேட்கும் கேள்வி. ஒப்புக்கொள்கிறேன், வரியில்தான் நடக்கிறது. சோப்புக் கட்டி வாங்குபவரும் பைக்குக்குப் பெட்ரோல் போடுபவரும் அந்த வரியைக் கட்டியாகிவிட்டது. உலகில் எந்த ஏற்பாட்டிலும் வைத்தியத்துக்குக் காசு கொடுப்பது மக்கள்தான். வானத்திலிருந்து யாரும் கொடுப்பதில்லை. உடம்பு நன்றாக இருந்து சம்பாதிக்கும் காலத்தில், வசதிக்குத் தக்கபடி கொடுப்பதா? அல்லது படுத்துவிட்டு, கூலியும் போன நாளில், நோயின் அளவுக்குக் கொடுப்பதா? நாட்டுக்கு நாடு வித்தியாசம் இதில்தான் இருக்கிறது.

இரண்டாவது வழியில் வெகுதூரம் போன நாடு அமெரிக்கா. 2023இல் அது மருத்துவத்துக்குச் செலவிட்டது தன் உற்பத்தியில் 17.6 சதவீதம், தலைக்கு 14,500 டாலருக்கு மேல். உலகத்தில் யாரும் இவ்வளவு செலவழிப்பதில்லை. அவ்வளவும் கொட்டிய பிறகு, அதே ஆண்டில் அங்கே எந்தக் காப்பீடும் இல்லாதவர்கள் ஏறத்தாழ 2.6 கோடிப் பேர். அவசர நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1986இல் சட்டம் போட்டார்கள். ஆனால் பில் வீடு தேடி வரும். அட்டையும் தனியார் ஆஸ்பத்திரியும் போட்டியும் சேர்ந்தால் விலை இறங்கும் என்றால், இறங்கியிருக்க வேண்டிய முதல் நாடு அதுதான்.

பிரிட்டனில் 1948 ஜூலை 5 முதல் டாக்டரைப் பார்க்கவும் ஆஸ்பத்திரியில் படுக்கவும் காசு கிடையாது. மருந்துச் சீட்டுக்கு இங்கிலாந்துப் பகுதியில் 2024 முதல் 9.90 பவுண்டு, ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அதுவும் இல்லை. “அங்கே மாதக்கணக்கில் காத்திருக்கிறார்களே” என்பார்கள். உண்மை. 2023இல் காத்திருப்போர் பட்டியல் 77 லட்சத்தைத் தொட்டது. அது வெட்கப்பட வேண்டிய எண்தான். ஆனால் அந்தப் பட்டியலில் நிற்பவர் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துவிட்டு நிற்கவில்லை. காத்திருப்பை ஆட்களையும் கட்டில்களையும் கூட்டிக் குறைக்கலாம்; கடனில் விற்ற காணியைத் திரும்ப வாங்க முடியாது.

சிங்கப்பூரை உதாரணம் காட்டுபவர்கள் நம் பக்கத்தில் அதிகம். போய் வந்தவர்களின் ஊர் இது. அங்கே குடிமக்களுக்கு 1984 முதல் மெடிசேவ் என்ற கட்டாயச் சேமிப்பு, அதன் மேல் காப்பீடு, அதற்கும் மேல் அரசு ஆஸ்பத்திரிகளில் மானியம் என்று மூன்று அடுக்கு உண்டு. மானியத்தை மறந்துவிட்டுச் சேமிப்பை மட்டும் எடுத்துச் சொல்கிறார்கள். வொர்க் பெர்மிட்டில் போன வேப்பந்தட்டைக்காரருக்கோ அந்த மானியம் கிடையாது. முதலாளி அவருக்காகக் காப்பீடு எடுத்தாக வேண்டும். 2023 ஜூலை முதல் அது குறைந்தது 60,000 வெள்ளி. முன்பு வெறும் 15,000 வெள்ளியாக இருந்ததை உயர்த்தக் காரணமே, ஆஸ்பத்திரி பில் அதைத் தாண்டிப் போனதுதான். அவருடைய அட்டை வேலையோடு கட்டிய அட்டை. வேலை போனால் அட்டையும் போகும்.

அட்டைக்காரர்களுக்கு மிகவும் பிடித்த சான்று தாய்லாந்து. 2002க்குள் நாடு முழுவதும் பரவிய முப்பது பாட் திட்டம், மக்கள் கையிலிருந்து போன பங்கை மூன்றில் ஒன்றிலிருந்து ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. அங்கும் கையில் அட்டை கொடுத்தார்கள். ஆனால் அந்த அட்டை, ‘எந்தத் தனியாருக்கு வேண்டுமானாலும் போ’ என்று சொல்லவில்லை. ‘உன் வட்டாரத்து ஆஸ்பத்திரிக்கு முதலில் போ’ என்றது. அந்த வட்டார ஆஸ்பத்திரிகளில் மிகப் பெரும்பாலானவை அரசினுடையவை. அதற்குமுன் பல பத்தாண்டுகளாகக் கிராமங்களில் கட்டடம் எழுப்பி, புதிதாகப் படித்து வந்த டாக்டர்களைக் கட்டாயமாக அங்கே அனுப்பியிருந்தார்கள். ஆஸ்பத்திரி முதலில், அட்டை பிறகு. தாய்லாந்தின் வெற்றியை எடுத்துக்காட்டுபவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி நமக்குச் சொல்கிறார்கள்.

இலங்கையும் ஒரு பாடம் சொல்லும். 1950களின் தொடக்கம் முதல் அங்கே அரசு ஆஸ்பத்திரியில் கட்டணமே இல்லை. ஏழை நாடாக இருந்தபோதே தாய்சேய் மரணத்தைக் குறைத்துக் காட்டிய ஏற்பாடு அது. ஆனால் 2022 நெருக்கடியில் டாலர் வற்றியதும் மருந்து வற்றியது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நோயாளிகள் வெளியே வாங்கி வரச் சொல்லப்பட்டார்கள். கட்டில் இலவசமாக இருந்தும் வைத்தியம் இலவசமாக இல்லாமல் போனது. நம் மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்கு ஒரு மாதம் காலியானால் நமக்கும் அதே கதிதான்.

“காசு வாங்கினால்தான் மதிப்பார்கள்”

ஆளுக்குப் பத்தோ இருபதோ வாங்கினால் தேவையில்லாத கூட்டம் குறையும் என்பது அடுத்த வாதம். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1970களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பல குழுக்களாகப் பிரித்து, சிலருக்கு முழு இலவசம், சிலருக்குப் பங்குக் கட்டணம் என்று வைத்து வருடக்கணக்கில் கவனித்தது. கட்டணம் இருந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் தேவையில்லாத வைத்தியத்தை மட்டுமா குறைத்தார்கள்? தேவையானதையும் ஏறக்குறைய அதே அளவு குறைத்துவிட்டார்கள். ரத்த அழுத்தம் இருந்த ஏழைகளுக்கு அதனால் கேடு விளைந்தது. உகாண்டா 2001இல் அரசு ஆஸ்பத்திரிக் கட்டணத்தை நீக்கியபோது கூட்டம் கூடியது. கூடியவர்களில் ஏழைகளே அதிகம். அதுவரை அவர்கள் நோயே இல்லாமல் இருந்தார்களா? காசில்லாமல் வீட்டில் கிடந்தார்கள்.

வெங்காய அறுவடை நடக்கும்போது மாரில் ஒரு பிடிப்பு வந்தால், செட்டிகுளத்துப் பெண் “அறுப்பு முடியட்டும், பாத்துக்கலாம்” என்றுதான் சொல்வார். அவர் நேரத்தையும் கூலியையும் ஏற்கெனவே கட்டணமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். அதன் மேல் இருபது ரூபாய்ச் சீட்டு வைப்பது அவருக்கு நோயின் மதிப்பைக் கற்பிக்காது. வருவதைத் தள்ளிப்போட இன்னொரு காரணத்தைக் கொடுக்கும், அவ்வளவுதான்.

யார் தேர்ந்தெடுக்கிறார்?

அட்டை வாதத்தின் கவர்ச்சி எல்லாம் ‘உன் ஆஸ்பத்திரியை நீயே தேர்ந்தெடு’ என்பதில் இருக்கிறது. அந்தத் தேர்வு எப்படி இருக்கும் என்று பார்ப்போம். ராத்திரி மக்காச்சோளக் காட்டுக்குத் தண்ணீர் கட்டப் போனவரைக் கட்டுவிரியன் தீண்டுகிறது. அவருக்கு வேண்டியது விஷமுறிவு மருந்து. ஆரம்பத்திலேயே 8 முதல் 10 குப்பி வரை ஏற்ற வேண்டும், மூச்சு நின்றால் வென்டிலேட்டர் வேண்டும். அது எத்தனை நிமிடத்தில் கிடைக்கும் என்பதுதான் அவர் உயிரின் விலை. அந்த வேளையில் எந்த ஆஸ்பத்திரியில் வசதி நன்றாக இருக்கிறது, எங்கே மலிவு என்று யார் விசாரிக்கப் போகிறார்கள்? திருச்சி சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூருக்குப் பக்கத்தில் அடிபட்டுக் கிடப்பவருக்கும், அரியலூரில் சிமெண்ட் லாரிகள் ஓயாத சாலையில் விழுந்தவருக்கும் அப்படித்தான். ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுப்பது 108 வண்டியின் தூரம்.

சாலை விபத்துக்கு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது; முதல் 48 மணி நேரத்துச் செலவை, அட்டை இருக்கிறதா என்று கேட்காமல் அரசு ஏற்கிறது. அட்டை கேட்காமல் கொடுத்ததுதான் அதன் வெற்றி. மருத்துவம் மற்றச் சந்தைகளைப் போன்றது அல்ல. வாங்குபவருக்கு என்ன வேண்டும் என்பது விற்பவருக்குத்தான் தெரியும் என்று பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963இலேயே விளக்கி எழுதினார். ஸ்டென்ட் ஒன்றா இரண்டா என்று நோயாளி முடிவு செய்வதில்லை. கர்ப்பப்பையை எடுக்க வேண்டுமா வேண்டாமா என்பதையும் பில் போடுபவரே சொல்கிறார்.

அட்டையோடு தேர்வு செய்யக் கிளம்பினாலும் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது? தனியார் சிறப்பு ஆஸ்பத்திரிகள் காசு புழங்கும் ஊரில்தான் முளைக்கும். ஐந்தரை லட்சம் பேர் பரந்து கிடக்கும் மானாவாரி மாவட்டத்தில், கையில் அட்டை இருக்கிறது என்பதற்காக நரம்பு அறுவை நிபுணர் வந்து உட்கார மாட்டார். அட்டைதான் பஸ் ஏறித் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் சென்னைக்கும் போகும். ரயில் இல்லாத பெரம்பலூரிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் ஆளுக்கு இரண்டு பஸ் டிக்கெட், கூட வருபவரின் கூலி, லாட்ஜ், ஓட்டல். இவை எதுவும் 5 லட்சத்துக்குள் வராது. வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்தாக வேண்டியவரிடம் கேளுங்கள்: இயந்திரம் 60 கிலோமீட்டர் தள்ளி இருப்பதற்கும் ஊரிலேயே இருப்பதற்கும் உள்ள வித்தியாசமே அவர் குடும்பத்தின் வரவு செலவு.

இந்த இடத்தில் அண்ணன் தம்பி மாவட்டங்கள் பிரிந்து நிற்கின்றன. தமிழ்நாட்டில் ஒரே நேரத்தில் தொடங்கிய 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று அரியலூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது, 150 இடங்கள். மருத்துவக் கல்லூரி என்றால் மாணவர்கள் மட்டும் அல்ல. துறைக்குத் துறை பேராசிரியர்கள் இருந்தாக வேண்டும், கட்டில்கள் இருந்தாக வேண்டும், இரவுப் பணியில் ஆள் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அங்கீகாரம் கிடையாது. செந்துறை, ஜெயங்கொண்டம், திருமானூர் பக்கத்து நோயாளிக்கு, முன்பு தஞ்சாவூரில் போய்ப் பார்த்த நிபுணர் இப்போது மாவட்டத் தலைநகரில் இருப்பதற்கு வழி பிறந்திருக்கிறது. எந்தப் பாலிசியும் இதைக் கொண்டுவந்திருக்காது. பெரம்பலூரோ, அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத ஆறு மாவட்டங்களில் ஒன்றாக இன்னும் நிற்கிறது. அங்கே இருப்பது மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை. அதன் எல்லையைத் தாண்டிய நோய்க்கு, “பெரியாஸ்பத்திரிக்கு எழுதிட்டாங்க” என்று திருச்சி. இரண்டு மாவட்டத்துக்காரர் கையிலும் இருப்பது ஒரே அட்டை, ஒரே 5 லட்சம். செலவு ஒன்றாக இருக்குமா?

குறை இருக்கிறது, அதனால்?

அரசு ஆஸ்பத்திரியின் குறைகளை என்னைவிட அங்கே போகிறவர்கள் நன்றாகச் சொல்வார்கள். காலை பத்துக்கு முன்னால் போகாவிட்டால் சீட்டு இல்லை. மத்தியானத்துக்கு மேல் பெரிய டாக்டர் அவருடைய கிளினிக்கில் இருப்பார். ஸ்ட்ரெச்சர் தள்ளவும் பிறந்த பிள்ளையைக் கையில் கொடுக்கவும் ஒரு கை நீளும். கக்கூஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கொஞ்சம் சிக்கல் என்றால் தலையெழுத்தே ‘ரெஃபர்’தான். இதில் ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் வெளியே இருப்பதாகச் சொல்லப்படும் தரம், பெரும்பாலும் ஏ.சி.யும் மரியாதையான பேச்சும்தான். அறுவைக்குப் பின் புண் எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது, சிசேரியன் எத்தனை சதவீதம் என்று வாசலில் எழுதிப்போட்ட தனியார் ஆஸ்பத்திரியை யாராவது பார்த்ததுண்டா? தரத்தை அளக்காமலே, கட்டணத்தைத் தரம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

குறைகளுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தாசில்தாரும் வாத்தியாரும் கவுன்சிலரும் தங்கள் வீட்டுப் பிரசவத்துக்கு ஜி.எச். வாசலை மிதிக்காத நாளிலிருந்து, அந்த வாசலில் குரல் உயர்த்திக் கேட்க ஆள் இல்லாமல் போனது. அட்டை அதைத்தான் இன்னும் கீழே கொண்டுபோகிறது. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களையும் வெளியே அனுப்பிவிட்டால் உள்ளே மிஞ்சுபவர்கள் யாருக்கும் பயம் தராதவர்கள். பிறகு ஆஸ்பத்திரி சரியில்லை என்று சொல்லி நிதியைக் குறைப்பது சுலபம்.

காப்பீட்டுப் பணத்தில் ஒரு பகுதி, அரசு ஆஸ்பத்திரியில் செய்யும் சிகிச்சைக்காக அரசு ஆஸ்பத்திரிக்கே திரும்பி வருகிறது. கருவி வாங்கவும் ஊக்கத்தொகை கொடுக்கவும் அது உதவுகிறது. இது அட்டையின் நல்ல பயன். ஆனால் இதுவும் என் வாதத்துக்கே பலம் சேர்க்கிறது: உள்ளே சிகிச்சை செய்ய டாக்டரும் தியேட்டரும் இருக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் அந்தப் பணம் வரும். ஏற்கெனவே வளர்ந்த பெரியாஸ்பத்திரி மேலும் வளரும். ஆள் இல்லாத தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கிடைப்பது சொற்பம்.

“அரசிடம் பணம் எங்கே?” என்று கடைசியாகக் கேட்பார்கள். 2017இன் தேசிய சுகாதாரக் கொள்கை, அரசின் செலவை 2025க்குள் நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவதாக எழுதியது. 2021-22இல், கோவிட் ஆண்டிலேகூட, அது 1.84 சதவீதம்தான். அதே ஆண்டில் மருத்துவத்துக்காக நாடு செலவழித்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் 39 ரூபாய்க்கு மேல் நோயாளியின் கையிலிருந்து நேராகப் போனது. பணம் இல்லாமல் இல்லை; மிகவும் வசதி இல்லாதவர்களிடமிருந்து, மிகவும் தாங்க முடியாத நாளில் அது வசூலாகிக்கொண்டிருக்கிறது.

ஆகவே கேட்க வேண்டியவை தெளிவானவை. பெரம்பலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி. வேலைக்குப் போய் வருபவர் வர முடிகிற மாலை நேர ஓ.பி. எல்லா வட்டார ஆஸ்பத்திரியிலும் ஸ்கேன், அதைப் பார்த்துச் சொல்ல ஆள். கிராமத்தில் வேலை பார்க்கும் டாக்டருக்கு மேற்படிப்பில் தமிழ்நாடு போராடிக் காத்த 50 சதவீத இடத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்காமை. நிபுணர்கள் அரசுப் பணிக்கு வருவதற்கு அதைவிடப் பெரிய தூண்டில் இல்லை. மாதாமாதம் எத்தனை பேரை, என்ன காரணத்துக்காகத் திருச்சிக்கு ‘ரெஃபர்’ செய்தார்கள் என்ற பட்டியல், ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் படிக்கிற மாதிரி.

அட்டையும் இருக்கட்டும், அரிய நோய்க்கும் பெரிய அறுவைக்கும் அது தேவை. ஆனால் தேர்தல் நேரத்தில் 5 லட்சத்தை 10 லட்சம் ஆக்குகிறேன், 25 லட்சம் ஆக்குகிறேன் என்று யாராவது வந்தால், கைதட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: ராத்திரி பதினொரு மணிக்கு வேப்பந்தட்டையிலும் ஆண்டிமடத்திலும் டியூட்டியில் எந்த டாக்டர் இருப்பார், அவர் கையில் என்ன மருந்து இருக்கும்? இதற்குப் பதில் இல்லாதவர் உயர்த்திக் கொடுக்கும் தொகை, திருச்சியில் கட்ட வேண்டிய பில்லுக்கு நம் பெயரில் அவர் போடும் கையெழுத்து மட்டுமே.